சென்னை ஃபிளாட்டில் சர்ஃப் போர்டும் வேக்போர்டும் எங்கே வைப்பது?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிவிடுகிறேன். ஓஎம்ஆர் பக்கம் ஐந்தாவது மாடியில் இரண்டு பெட்ரூம் ஃபிளாட், அதுதான் கடைசி மாடியும். கையில் நான்கு போர்டு: கோவளத்தில் பழகும்போது வாங்கிய 8 அடி சாஃப்ட் டாப் (மேலே ஸ்பாஞ்சுத் தோல் போட்ட சர்ஃப் போர்டு), அப்புறம் செகண்ட் ஹேண்டில் எடுத்த 6 அடி 2 அங்குல ஃபைபர் போர்டு, சிங்கப்பூரில் வேலை பார்த்த காலத்தில் கேபிள் பார்க்கில் (மேலே ஓடுகிற கம்பி ஆளைத் தண்ணீரில் இழுத்துப் போகிற இடம்) ஓட்டிய வேக்போர்டு ஒன்று பூட்ஸோடு, கடைசியாக, நின்றுகொண்டு துடுப்புப் போடுகிற, காற்றடிக்கிற சப் போர்டு. மொட்டை மாடிப் படிக்கட்டு முடிகிற ஹெட்ரூம் சும்மாதான் கிடக்கிறது, அங்கே போட்டுப் பூட்டிவிடலாமா, இல்லை பால்கனியில் தொங்கவிடலாமா என்பது கேள்வி.

இரண்டும் வேண்டாம். ஹெட்ரூம் கண்டிப்பாக வேண்டாம்.

போர்டுக்கு இடம் தேடுகிறவர்கள் எது காலியாக இருக்கிறது என்றுதான் பார்க்கிறார்கள். சென்னையில் பார்க்கவேண்டியது எது குளிர்ச்சியாக இருக்கிறது என்று. மே மாதம் மதியம் மூன்று மணிக்கு வீட்டின் ஒவ்வொரு சுவரிலும் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். மேற்குச் சுவர் சுடும், அந்தச் சூடு உள்பக்கம் முழுசாக வந்து சேருவதே சாயங்காலத்துக்கு மேல்தான், ராத்திரி பத்து மணிக்குத் தொட்டாலும் கதகதவென்று இருக்கும். கடைசி மாடி என்பதால் உங்களுக்கு மேல்தளமும் அப்படியே. ஹாலுக்கும் பெட்ரூமுக்கும் நடுவே ஓடுகிற உள்சுவர், வெயில் அதிகம் படாத பக்கத்துச் சுவர், தரை, இவைதான் வீட்டில் குளிர்ந்த இடங்கள். போர்டு அங்கே போகவேண்டும். கொக்கியா ரேக்கா ஸ்டாண்டா என்பதெல்லாம் அதற்கப்புறம்.

சூட்டையே ஏன் பிடித்துக்கொண்டு பேசுகிறேன் என்றால், போர்டின் உள்ளே இருப்பது அப்படி. ஃபைபர் போர்டு என்று நாம் பொதுவாகச் சொல்வதில் இரண்டு வகை உண்டு. பழைய வகையில் உள்ளே பாலியூரிதேன் நுரை, மேலே ஃபைபர் துணியும் பாலியெஸ்டர் ரெசினும். இன்னொன்றில் உள்ளே இருப்பது சாட்சாத் நம்ம தெர்மோகோல்தான், கொஞ்சம் அடர்த்தியானது, மேலே ஃபைபர் துணியும் எபாக்ஸி ரெசினும். அமெரிக்காவில் போர்டைச் செதுக்குகிற ஷேப்பர்களில் பெரும்பாலோருக்குப் பாலியூரிதேன் நுரைக்கட்டை கொடுத்துவந்த கிளார்க் ஃபோம் கம்பெனி 2005 டிசம்பரில் திடீரென்று கடையைச் சாத்தியதற்கு அப்புறம் இந்தத் தெர்மோகோல் வகை வேகமாகப் பரவியது. செகண்ட் ஹேண்டில் வாங்கிய உங்கள் 6 அடி 2 இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். கையில் தூக்கினாலே ஓரளவு தெரியும், எபாக்ஸி போர்டு அதே அளவுக்கு எடை குறைவு. எங்காவது உடைந்த இடம் இருந்தால் உற்றுப் பாருங்கள். சின்னச் சின்ன வெள்ளை மணிகள் ஒட்டிக்கொண்டிருந்தால் தெர்மோகோல், ஒரே சீரான மாவு போன்ற நுரை என்றால் பாலியூரிதேன். வயதான போர்டு மஞ்சள் பாரித்திருந்தாலும் பெரும்பாலும் பாலியூரிதேன்தான்.

தெர்மோகோல் 80 டிகிரிக்கு மேல் போனால் தன் வடிவத்தையே விட்டுவிடும். ஹெட்ரூம் அவ்வளவு சுடாதே என்று கேட்பீர்கள். அவ்வளவு வேண்டாம். அறை வெப்பத்தில் இறுகிய சாதாரண எபாக்ஸி 60 டிகிரியை நெருங்கும்போதே இளக ஆரம்பிக்கும். அதே சமயம் மணிகளுக்கு நடுவே அடைபட்ட காற்று விரிந்து வெளியே போக வழி தேடும். இரண்டும் சேர்ந்தால் மேல்தோல் நுரையைவிட்டுப் பிரிந்து, ஒரு இடத்தில் பூரி மாதிரி உப்பிக்கொண்டு நிற்கும். ஒருமுறை பிரிந்தால் அது தானாக ஒட்டாது. அதன்மேல் நின்று நின்று அலையில் ஏற ஏற அந்த உப்பலின் விட்டம் பெரிதாகும், ஒருநாள் குதிகால் உள்ளே போகும். மூடிய ஹெட்ரூம், அதுவும் மேலே தகர ஷீட்டோ ஆஸ்பெஸ்டாஸோ போட்டது என்றால், ஏப்ரல் மே மாதத்தில் இதற்குத் தேவையான எல்லாமே அங்கே தயாராக இருக்கும்.

உங்கள் போர்டு ஏற்கெனவே பிரிய ஆரம்பித்திருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி. கால் வழுக்காமலிருக்க மேலே தேய்த்திருக்கிற மெழுகைச் சுரண்டிவிட்டு, பின்கால் வைக்கிற இடத்தில் தொடங்கி, ஒரு ரூபாய்க் காசின் ஓரத்தால் அரை அடிக்கு ஒரு தட்டு தட்டிக்கொண்டே மூக்கு வரை போங்கள். நல்ல இடத்தில் டக் டக்கென்று இறுக்கமாகக் கேட்கும், பிரிந்த இடத்தில் தொப்பென்று அமுங்கிய சத்தம் வரும். அங்கே கட்டை விரலால் அழுத்தினால் தோல் உள்ளே போய் வெளியே வருவது விரலுக்கே தெரியும். செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் கடைக்காரர் முன்னாலேயே இதைச் செய்யலாம், கூச்சப்பட வேண்டாம்.

சாஃப்ட் டாப்பை மெத்தை மாதிரி இருக்கிறதே என்று எல்லோரும் அலட்சியமாகப் போடுகிறார்கள். மற்ற மூன்றையும்விடச் சூட்டுக்கு அதிகம் பயப்படவேண்டியது அதுதான். உள்ளே தெர்மோகோல், மேலே ஸ்பாஞ்சுத் தோல், அடியில் வழவழவென்ற பிளாஸ்டிக் தகடு, எல்லாம் பசையாலோ சூட்டாலோ ஒட்டப்பட்டவை. ஈசிஆரில் காரை வெயிலில் நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் டிபன் சாப்பிட்டு வந்தால், பின்கண்ணாடிக்குக் கீழே இருந்த பாகத்தில் அடித்தகடு கொப்பளம் கொப்பளமாகக் கிளம்பியிருக்கும். கண்ணாடி ஏற்றிய காரின் உள்ளே மே மாதத்தில் 60 டிகிரி என்பது சாதாரணம். வீட்டில் எவ்வளவு பத்திரமாக வைத்தாலும் இந்த ஒரு மணி நேரம் போதும்.

பால்கனி விஷயத்துக்கு வருகிறேன். வெயில், உப்புக் காற்று, புறா, இவை எல்லாவற்றையும் சமாளித்துவிடலாம் என்றே வைத்துக்கொள்வோம். பாலியூரிதேன் வெயிலில் மஞ்சளாகும், அதனால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது, விற்கும்போது விலை குறையும், அவ்வளவுதான். ஐந்தாவது மாடிப் பால்கனியில் இறக்கை மாதிரி ஆறு அடிப் பலகையைக் கயிற்றில் கட்டி வைப்பதுதான் எனக்கு ஒப்பாதது. 2016 டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயல் வந்தபோது சென்னையில் மரங்களுக்கும் போர்டுகளுக்கும் என்ன ஆனது என்று பார்த்தவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை (நான் சொல்வது பெயர்ப் பலகைகளை). உங்கள் போர்டு உடைவது உங்கள் பாடு. கீழே போகிறவர் தலையில் விழுந்தால்?

யாராவது கீழே ஸ்டில்ட் பார்க்கிங்கில் கார் மூக்குக்கு மேலே ரேக் அடிக்கச் சொல்வார்கள். வெப்ப விஷயத்தில் அது மோசமில்லை, நிழல், காற்றோட்டம் எல்லாம் உண்டு. ஆனால் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோதும் உங்கள் பக்கத்துப் பல ஃபிளாட்டுகளில் ஸ்டில்ட்டில் கார்களே தண்ணீரில் நின்றன. சுவரில் ஏழு அடி உயரத்தில் அடிக்க முடிந்தால், அசோசியேஷன் ஒத்துக்கொண்டால், திருட்டுப் பயம் இல்லையென்றால் யோசிக்கலாம். ஹெட்ரூமுக்கும் அதே கதைதான், அது பொது இடம், படிக்கட்டு நெருப்பு நேரத்தில் ஓடுவதற்கான வழி, அங்கே பூட்டுப் போட உங்களுக்கு உரிமை இல்லை. வெயில் பிரச்சினை இல்லாவிட்டாலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

சரி, வீட்டுக்குள் எங்கே.

6 அடி 2 அங்குலம் என்பது 74 அங்குலம். சாதாரண குயின் சைஸ் மெத்தை 78 அங்குல நீளம். உங்கள் கட்டில் அடியில் பெட்டி வைத்த ஸ்டோரேஜ் கட்டில் இல்லையென்றால், ஃபின்னை (போர்டின் அடியில் நிற்கிற மீன் துடுப்பு மாதிரியான தகடு) கழற்றிவிட்டு, பழைய ஜமுக்காளத்தையோ யோகா மேட்டையோ விரித்து, போர்டைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுங்கள். வீட்டிலேயே குளிர்ந்த இடம் அதுதான், இருட்டு, யாரும் இடறமாட்டார்கள், சுவரில் ஓட்டை போடவேண்டாம், யாரிடமும் அனுமதி கேட்கவேண்டாம். மேல்பக்கம் கீழே இருக்கும்படி கவிழ்த்துப் போட்டால் ஃபின் பாக்ஸ், அதாவது ஃபின் செருகுகிற பள்ளம், மேலே இருக்கும், அது நல்லது. வீடு துடைக்கும்போது ஈரத் துணி அதன்மேல் படாமலிருக்க வேலைக்கு வருகிற அக்காவிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள், அவர் ஒருபக்கமாக நிமிர்த்தி வைத்துவிட்டுப் போகிறேன் என்று நல்லெண்ணத்தில் செய்து, அது சரிந்து மூக்கு உடைவது நடக்கிற விஷயம்.

8 அடி சாஃப்ட் டாப்புக்குச் சுவர்தான். நிமிர்த்தி வைக்கலாமே என்றால், நம் ஃபிளாட்டுகளில் உள்கூரை உயரம் ஒன்பதரை அடிக்குப் பக்கத்தில், கணக்குக்குச் சரியாகத்தான் வரும். எடுக்கும்போது ஓடுகிற சீலிங் ஃபேனை மறந்துவிடுவீர்கள். படுக்கைவாட்டில், அதன் ஓரத்தில் நிற்கும்படி, உள்சுவரில் ஆங்கில எழுத்து ஜே வடிவக் கொக்கி இரண்டு போட்டு மாட்டுவதுதான் சரி. தட்டையாகப் படுக்கவைக்க வேண்டுமென்றால் சுவரிலிருந்து இரண்டு அடி நீட்டிக்கொண்டு பிராக்கெட் வரும், நடக்கிற வழியில் தலையில் இடிக்கும். ஓரத்தில் நிறுத்தினால் ஐந்தாறு அங்குலத்தில் முடிந்துவிடும்.

இரண்டு கொக்கிக்கும் நடுவே நான்கு அடி விடுங்கள், அப்போது இரண்டு பக்கமும் இரண்டிரண்டு அடி வெளியே நிற்கும். மிகவும் நெருக்கமாகப் போட்டால் ஆடும், இரண்டு முனையிலும் கொண்டுபோய்ப் போட்டால் நடுவில் எடை இறங்கும், சாஃப்ட் டாப் சூட்டில் மெதுவாக வளைந்துகொடுத்துவிடும். கடையில் கிடைக்கிற இரும்புக் கொக்கியின் விளிம்பு அப்படியே போர்டில் படக்கூடாது. இதற்குத் தனியாகக் குஷன் தேடி அலையவேண்டாம், ஏசி காப்பர் பைப்புக்குச் சுற்றுகிற கறுப்பு நுரைக் குழாய் இருக்கிறதே, ஏசி மெக்கானிக்கிடம் கேட்டால் மிச்சத் துண்டு தருவார், ஒருபக்கம் நீளவாக்கில் கத்தியால் கீறி, கொக்கியின்மேல் மாட்டி, மேலே பழைய காட்டன் துணி ஒரு சுற்று. அந்தக் கறுப்பு நேரடியாகப் பட்டால் வெள்ளை போர்டில் கறை ஏறலாம், அதற்குத்தான் துணி. இன்னும் மென்மையாக வேண்டுமென்றால், பள்ளிப் பை தைக்கிற இடத்தில் இரண்டு அங்குல நைலான் பட்டை வாங்கி, ஊஞ்சல் போல இரண்டு தொட்டில் தைத்து, சுவரில் இரண்டிரண்டு கொக்கியில் மாட்டலாம். சாஃப்ட் டாப்புக்கு நான் இதைத்தான் விரும்புவேன், பட்டை அகலமாக இருப்பதால் தழும்பு விழாது.

சுவரில் துளை போடுவதற்குமுன் எந்தச் சுவர் என்று தெரிந்துகொள்ளுங்கள். புதிய ஃபிளாட்டுகளில் உள்சுவர் பெரும்பாலும் ஏஏசி என்கிற லேசான வெள்ளைக் கல், அதில் சாதாரண பிளக் அடித்தால் உள்ளே சுற்றிக்கொண்டே இருக்கும், பிடிக்காது, அதற்கென்று இருக்கிற நீள நைலான் பிளக் கேட்டு வாங்குங்கள். மைவான் முறையில் முழுக்கக் கான்கிரீட்டாக ஊற்றிய சுவர் என்றால் பிடிப்புக்குக் கவலையில்லை, ஆனால் ஹேமர் டிரில் வேண்டும், வீட்டில் இருக்கிற சின்ன டிரில்லில் பிட்டுதான் கருகும். இரண்டிலும் ஸ்விட்ச் போர்டுக்கு நேர் மேலேயோ நேர் கீழேயோ துளை போடாதீர்கள், ஒயர் அந்த வழியாகத்தான் ஓடும். எடை பெரிய விஷயமில்லை, 8 அடி சாஃப்ட் டாப் ஆறு ஏழு கிலோவுக்குமேல் போகாது. வாடகை வீடு, ஓனர் ஆணி அடிக்கவே விடமாட்டார் என்றால், ஸ்லாட்டட் ஆங்கிளில் தரையில் நிற்கிற ரேக் செய்துகொள்ளலாம், அடி அகலமாக இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

லாஃப்டில் போடலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, வேறு யாராவது கேட்பார்கள். மேலே இன்னொரு மாடி இருந்தால் போடலாம். உங்களுக்கு மேலே மொட்டை மாடி, லாஃப்டில் படுத்திருக்கிற போர்டுக்கும் வெயிலில் காய்கிற தளத்துக்கும் நடுவே இரண்டடிதான். அதைவிட, லாஃப்டில் வேறென்ன இருக்கிறது என்று பாருங்கள். பெயின்ட் டப்பா, தின்னர் பாட்டில், பழைய துணிக்குள் பாச்சை உருண்டை. தெர்மோகோல் இவை எதற்கும் தாங்காது. தின்னர் ஆவி போகட்டும், அந்தப் பாச்சை உருண்டை, அதாவது நாப்தலீன், தெர்மோகோலையும் பல பிளாஸ்டிக்குகளையும் இளக்கக்கூடியது. நம் வீடுகளில் எதை மூட்டை கட்டினாலும் நான்கு உருண்டை உள்ளே போட்டுவிடுவது பழக்கம், அம்மாவோ மாமியாரோ போர்டு பையிலும் அக்கறையாகப் போட்டுவிடுவார்கள். மேல்தோல் முழுசாக இருக்கும்வரை தப்பிக்கலாம், ஒரு சின்ன விரிசல் இருந்தால் போதும். கரப்பானுக்கு வேறு வழி பாருங்கள்.

அடுத்து ஈரம். சூட்டுக்கு அடுத்தபடி இதுதான், அதிலும் மூடிய ஈரம். கடலிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். ஓஎம்ஆர், ஈசிஆர் பக்கம் போர் தண்ணீரே உப்பாக இருக்கிற வீடுகள் உண்டு, பரவாயில்லை, கடல் தண்ணீரைவிட அது எவ்வளவோ தேவலாம், கடைசியில் ஒரு வாளி மட்டும் நல்ல தண்ணீர் ஊற்றினால் போதும். ஆர்ஓ மெஷினிலிருந்து வெளியே வருகிற வேஸ்ட் தண்ணீரை மட்டும் சிக்கனம் என்று நினைத்துப் பயன்படுத்தாதீர்கள், குழாயில் வந்த உப்பு எல்லாம் செறிந்து அதில்தான் இருக்கும். கழுவியதும் நிழலில் காயவிட்டு அப்புறம்தான் பை. நம் ஊர்க் காற்றில் பையே வேண்டாம் என்பது என் கட்சி. பழைய காட்டன் பெட்ஷீட்டையோ வேட்டியையோ நீளமாக மடித்து இரண்டு பக்கம் தைத்தால் உறை தயார், தூசி ஏறாது, காற்றும் போய்வரும். வாங்கும்போது வந்த வெள்ளிப் பை பயணத்துக்கு.

போர்டில் எங்காவது உடைசல் இருந்தால் அதை வைத்துக்கொண்டு சேமிப்பைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை. உள்ளே தண்ணீர் இருக்கிறபோதே மேலே டேப் ஒட்டிவிடுகிறார்கள், அது உள்ளேயே கிடந்து நாறும், எடை கூடும், தோல் பிரியும். உடைந்த இடம் கீழே இருக்கும்படி போர்டைச் சாய்த்து வைத்துச் சொட்டச் சொட்ட விடுங்கள், தெர்மோகோல் போர்டு என்றால் வாரக்கணக்கில் ஆகும், பொறுமை வேண்டும். ஒட்டும்போது என்ன ரெசின் என்பது முக்கியம். பாலியெஸ்டர் ரெசினைத் தெர்மோகோலில் ஊற்றினால் அது நுரையைக் கரைத்துக் குழியாக்கிவிடும், உள்ளே என்ன என்று தெரியாவிட்டால் எபாக்ஸியே போடுங்கள், அது இரண்டிலும் பிடிக்கும். எம்சீல் தேய்த்துவிட்டு அன்றைக்கு மட்டும் ஓட்டுவது அவசரத்துக்குச் சரி, அதுவே நிரந்தரமானால் சரியில்லை.

மெழுகு. ஒரு மாதத்துக்குமேல் போர்டைத் தொடமாட்டீர்கள் என்றால் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் உருகி வழிந்து சுவர், படுக்கை, தலைமுடி, பூனை எல்லாவற்றிலும் ஒட்டும். ஐந்து நிமிடம் காலை வெயிலில் காட்டி, பழைய ஏடிஎம் கார்டால் வழித்து, மிச்சத்தைத் தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, எண்ணெய்ப் பசை போகப் பாத்திரம் தேய்க்கிற லிக்விட் போட்டுக் கழுவினால் புதுசு போல வந்துவிடும். எண்ணெய் இருந்தால் அடுத்தமுறை மெழுகு பிடிக்காது. போர்டைக் காலோடு இணைக்கிற கயிறான லீஷைப் போர்டின் வாலில் இறுக்கிச் சுற்றி வைக்கிற பழக்கம் நிறையப் பேருக்கு இருக்கிறது, அப்படியே மடிப்பு நின்றுவிடும், கழற்றி ஆணியில் நீளமாகத் தொங்கவிடுங்கள். ஃபின்னை இறுக்குகிற குட்டி ஸ்க்ரூவில் ஒரு துளி வாசலின் தடவிவைத்தால் துருப்பிடித்துத் தலை மழுங்காமல் இருக்கும், அது மழுங்கிவிட்டால் எடுப்பதற்குள் உயிர் போய்விடும்.

வேக்போர்டு இந்த நான்கில் கெட்டி உருப்படி. 1980களில் வந்த முதல் மாடல்கள் சின்ன சர்ஃப் போர்டு போலத்தான் தடியாக, மிதந்துகொண்டு இருந்தன. 1990 வாக்கில் ஹெர்ப் ஓபிரையன் ஹைப்பர்லைட் என்ற பெயரில் அச்சில் அழுத்திச் செய்த மெல்லிய போர்டைக் கொண்டுவந்தார், இன்றைக்கு நாம் பார்ப்பதெல்லாம் அந்த வழியில் வந்தவை. அழுத்திச் செய்ததால் சூட்டையும் இடியையும் சர்ஃப் போர்டைவிட நன்றாகவே தாங்கும். அதற்காக அதன்மேல் சூட்கேஸ் அடுக்காதீர்கள், முன்னும் பின்னும் மேல்நோக்கி வளைந்திருக்கிறதே, அந்த வளைவுதான் போர்டின் உயிர், மாதக்கணக்கில் பாரம் ஏற்றினால் அது தட்டையாகிவிடும். கேபிள் பார்க் போர்டு என்பதால் உள்ளே மரம் இருக்க வாய்ப்பு அதிகம். அங்கே ஏறிச் சறுக்குவதற்கு வைத்திருக்கிற கம்பியிலும் (ரெயில்) சாய்தளத்திலும் (ராம்ப்) உரசி ஓரம் சிதைந்து மரம் வெளியே தெரிகிறதா என்று பாருங்கள், தெரிந்தால் எபாக்ஸி தடவி அடைத்துவிட்டுத்தான் வைக்கவேண்டும், ஈரத்தில் மரம் உப்பினால் ஓரம் பிளந்துகொள்ளும்.

அதில் உண்மையான தொல்லை பூட்ஸ்தான். வெளியே கை வைத்தால் உலர்ந்தது போல இருக்கும், கட்டை விரல் போகிற முனையில் விரலை விட்டு அழுத்தினால் ஸ்பாஞ்சிலிருந்து தண்ணீர் வரும். அந்த நிலையில் அலமாரிக்குள் போட்டால், சென்னையின் ஈரப்பதத்துக்கு ஒரே வாரத்தில் வெள்ளைப் பூஞ்சை. லேஸை முழுக்கத் தளர்த்தி, நாக்கை வெளியே இழுத்துவிட்டு, உள்லைனர் கழற்ற வருகிற மாதிரி என்றால் கழற்றி, பழைய தினத்தந்தியைக் கசக்கி உள்ளே திணித்து, ஃபேனுக்குக் கீழே வையுங்கள், மறுநாள் காகிதத்தை மாற்றுங்கள். வெயிலில் காயவைத்தால் சீக்கிரம் காயும், கூடவே பசையும் விட்டுப்போகும். நீண்ட நாள் தொடப்போவதில்லை என்றால் பூட்ஸைப் போர்டிலிருந்து கழற்றிவிடுவது நல்லது. கால் வைக்கிற கோணத்தையும் இடைவெளியையும் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக் குறித்துக்கொண்டு கழற்றுங்கள். ஸ்க்ரூக்களை ஒரு சின்னக் கவரில் போட்டு பூட்ஸுக்குள்ளேயே வையுங்கள், சமையலறை டிராயரில் போட்டால் அதோடு சரி. பூட்ஸ் கழற்றிய வேக்போர்டு நான்கரை அடிச் சொச்சப் பலகை, பீரோவுக்குப் பின்னாலோ கதவுக்குப் பின்னாலோ நின்றுகொள்ளும். பூட்ஸோடு வைப்பதென்றால் பூட்ஸைக் கொக்கியில் மாட்டித் தொங்கவிடாதீர்கள், போர்டின் முழு எடையும் அந்த ரப்பரில் இறங்கி அது இழுபட்டுவிடும்.

சப் போர்டைச் சுருட்டி பீரோ மேலே போட்டுவிடலாம், நான்கில் இடம் கேட்காதது அது. காற்று அடித்த நிலையில் சூட்டில் விடுவதுதான் ஆபத்து, எவ்வளவு என்று கணக்குப் பார்த்தால் புரியும். காலையில் 27 டிகிரியில் 15 பிஎஸ்ஐ அடித்த போர்டு வெயிலில் கிடந்து 60 டிகிரிக்குப் போனால் உள்ளே அழுத்தம் 18 பிஎஸ்ஐயைத் தாண்டும், பம்பைத் தொடாமலே. தையலும் பசையும் அதே சூட்டில் இளகிக்கொண்டிருக்கும். கரையில் ஏறியதும் கொஞ்சம் காற்றைத் திறந்துவிடுவது அதனால்தான். வீட்டில் வைக்கும்போது நன்றாக உலர்த்தி, தளர்வாகச் சுருட்டி, ஒவ்வொரு தடவையும் அதே மடிப்பில் மடியாமல் பார்த்துக்கொண்டால் போதும். எலி வருகிற வீடு என்றால் மூடி போட்ட பெரிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் வையுங்கள், பிவிசியைக் கடித்து ஓட்டை போட எலிக்கு ஒரு ராத்திரி போதும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஹாலில் விரித்து 5 பிஎஸ்ஐ அடித்து ராத்திரி முழுக்க விட்டுப் பாருங்கள், காலையில் தொய்ந்திருந்தால் வால்வைத்தான் முதலில் சந்தேகப்படவேண்டும்.

இன்னொன்று, 8 அடி போர்டை ஐந்தாவது மாடிக்கு ஒவ்வொரு வாரமும் ஏற்றி இறக்கவேண்டுமா என்று யோசியுங்கள். லிஃப்ட் உள்ளே ஏழு அடிதான் உயரம் இருக்கும், சாய்த்து நுழைத்தால் மூக்கு கண்ணாடியில் இடிக்கும், படிக்கட்டு என்றால் ஒவ்வொரு திருப்பத்திலும் வால் சுவரில் உரசும், கடலில் படுகிற அடியைவிட இதில்தான் அதிகம் படும். கோவளத்தில் நீங்கள் கற்றுக்கொண்ட சர்ஃப் ஸ்கூலிலேயே மாத வாடகைக்கு வைத்துக்கொள்வார்களா என்று கேளுங்கள். ஒத்துக்கொண்டால், பணம் கொடுக்கும்முன் போர்டுகள் அடுக்கியிருக்கிற இடத்தை நேரில் போய், காலையில் இல்லை, மதியத்தில் பாருங்கள். தகர ஷீட் போட்ட ஷெட் என்றால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடலாம். கீற்றுக் கொட்டகை என்றால் யோசிக்காமல் விடுங்கள், மழை ஒழுகாத ஓலையாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டு. நீங்கள் வராத நாட்களில் அதைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க எடுத்துக்கொள்வார்களா, அப்படி எடுத்தால் உடைசலுக்கு யார் பொறுப்பு என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள்.